மறைப்பது சரி, யாரிடமிருந்து?

கேள்வி: அலுவலகக் கம்ப்யூட்டரில், குரோம் பிரவுசரின் ரகசிய ஜன்னலான இன்காக்னிட்டோவில்தான் வேறு வேலை தேடினேன். ஐடி பிரிவில் இருக்கும் நண்பர், "என்ன, கிளம்புற மாதிரி தெரியுதே?" என்கிறார். இன்காக்னிட்டோ என்றால் யாருக்கும் தெரியாது இல்லையா?

பதில்: தொப்பியும் கண்ணாடியும் போட்ட அந்தத் துப்பறியும் பொம்மையைப் பார்த்து ஏமாந்தவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள், வருத்தப்படாதீர்கள். இன்காக்னிட்டோ மறைப்பது ஒரே ஓர் ஆளிடமிருந்துதான்: உங்களுக்குப் பிறகு அதே கம்ப்யூட்டரில் வந்து உட்காருகிறவரிடமிருந்து. ஜன்னலை மூடினால் ஹிஸ்டரியும், உங்களை அடையாளம் வைத்துக்கொள்ளத் தளங்கள் பிரவுசரில் போட்டுவைக்கும் குறிப்பான குக்கீயும் போய்விடும். ஆனால் இறக்கிய கோப்புகள் அப்படியே கிடக்கும். நெட்வொர்க்கை நடத்துகிறவருக்கும், இணைய இணைப்பு தருகிறவருக்கும், நீங்கள் போன தளத்துக்கும் நீங்கள் வந்தது வழக்கம்போலத் தெரியும். கம்ப்யூட்டரே அலுவலகத்துடையது என்றால், அதில் கண்காணிப்பு மென்பொருளும் இருக்கலாம், அப்போது பிரவுசர் என்ன செய்தாலும் வீண்.

இதே மயக்கத்தைச் சொல்லி 2020-இல் அமெரிக்காவில் கூகுள் மேல் வழக்குப் போட்டார்கள். இன்காக்னிட்டோவில் இருந்தபோதும் தங்களைப் பற்றிய தகவல் கூகுளுக்குப் போனது என்பது புகார். 2024-இல் சமரசம் ஆனது, சேர்த்து வைத்த பழைய பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது. இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்ததும் வரும் அறிவிப்பின் வாசகமும் மாறியது. அதை ஒரு தடவையாவது முழுசாகப் படித்துப் பாருங்கள், நான் இங்கே சொன்னதில் பாதி அதிலேயே இருக்கிறது. அப்புறம், வேலை தேடுவது சொந்த போனில், சொந்த டேட்டாவில்.

கேள்வி: நாலைந்து வருஷமாக வைத்திருந்த எக்ஸ்டென்ஷனை (பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி மென்பொருள்), 'இதில் மால்வேர் இருக்கிறது' என்று பிரவுசரே ஒருநாள் முடக்கிவிட்டது. லட்சக்கணக்கானவர்கள் பயன்படுத்தியது, நட்சத்திரமும் நாலரைக்கு மேல். நல்லதாக இருந்தது எப்படிக் கெட்டுப்போகும்?

பதில்: பெரும்பாலும் கைமாறித்தான் கெட்டுப்போகும். கிரேட் சஸ்பெண்டர் என்று ஒன்று இருந்தது. திறந்து போட்டுவிட்டு மறந்த டேப்களைத் தூங்க வைத்து மெமரியை மிச்சப்படுத்தும், நிஜமாகவே நல்ல சரக்கு, சுமார் 20 லட்சம் பேர் வைத்திருந்தார்கள். எழுதியவர் 2020-இல் அதை யாரோ ஒருவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்று பயன்படுத்துகிறவர்களுக்குத் தெரியாது. சில மாதங்களில் விவரம் தெரிந்தவர்கள் கோடிங்கைப் பார்த்துச் சந்தேகம் கிளப்ப, 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தன் எக்ஸ்டென்ஷன் கடையிலிருந்து தூக்கியது. அந்த 20 லட்சம் பேரும் எதையும் புதிதாக நிறுவவில்லை, எதற்கும் 'சரி' அழுத்தவில்லை. என்றைக்கோ கொடுத்த அனுமதி அப்படியே புது முதலாளி கைக்குப் போய்விட்டது. எக்ஸ்டென்ஷன் தானாக அப்டேட் ஆகும் என்பதை வசதி என்று நினைக்கிறோம், வாங்குகிறவருக்கு அதைவிட வசதி வேறில்லை.

விற்காமலும் கெடும். 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்கிற நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனுக்கு நேர்ந்தது அதுதான். 'உங்கள் எக்ஸ்டென்ஷன் விதியை மீறுகிறது, நீக்கப் போகிறோம்' என்று கடையே அனுப்பியது போல ஒரு போலி மெயில், அதை நம்பி ஓர் ஊழியர் அனுமதி கொடுத்துவிட்டார். கிறிஸ்துமஸ் சமயத்தில் தகவல் திருடும் வெர்ஷன் ஒன்று பயன்படுத்துகிறவர்களுக்கு அப்டேட்டாகப் போய்ச் சேர்ந்தது. நிறுவனங்களின் தகவல் கசியாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்தக் கம்பெனியின் தொழிலே.

என் கதையும் உண்டு. ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒன்று வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். திடீரென்று நான் தேடுவதெல்லாம் கேள்விப்படாத ஒரு தேடுபொறி வழியாகப் போய் வந்தது. வைரஸ் ஸ்கேன் செய்தேன், பிரவுசரை நீக்கித் திரும்பப் போட்டேன், சரியாகவில்லை. கணக்கில் நுழைந்ததும் எக்ஸ்டென்ஷன்களும் ஒத்திசைந்து கூடவே வந்துவிடுகிறதே! ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து ஆளைப் பிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போயிற்று.

அதனால் நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், அது பழைய முதலாளி சம்பாதித்தது. அனுமதியைப் பாருங்கள். 'எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தகவல்களைப் படிக்கவும் மாற்றவும்' என்று கேட்டால் அதற்கு நேரடிப் பொருள்தான்: நீங்கள் திறக்கும் மெயில், வங்கிக் கணக்கு, அடிக்கும் பாஸ்வேர்டு எல்லாம் அதன் கண்முன்னே. விளம்பரத் தடுப்பான் முழு வலுவோடு இயங்க அந்த அனுமதி வேண்டும், சரி. கால்குலேட்டருக்கு எதற்கு? குரோமில் எக்ஸ்டென்ஷனின் விவரப் பக்கத்துக்குப் போனால், அது எல்லாத் தளத்திலும் இயங்கலாமா, குறிப்பிட்ட தளங்களில் மட்டுமா, நீங்கள் கிளிக் செய்தால் மட்டுமா என்று மாற்ற முடியும். பலவற்றுக்குக் கடைசி வகையே போதும்.

கேள்வி: முகவரியில் எச்டிடிபிஎஸ் இருந்தால் எக்ஸ்டென்ஷன் பார்க்க முடியாதுதானே?

பதில்: பார்க்கும். எச்டிடிபிஎஸ் வழியில் யாரும் பிரித்துப் படிக்காமல் காக்கும். எக்ஸ்டென்ஷன் வழியில் இல்லை, கடிதம் வந்து சேர்ந்து பிரிக்கப்படுகிற இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

கேள்வி: குரோமில் யுபிளாக் ஒரிஜின் என்கிற விளம்பரத் தடுப்பான் வேலை செய்யவில்லை. இது கூகுளின் சதி என்று ஒரு சாரார், பாதுகாப்புக்காக என்று ஒரு சாரார். எது உண்மை?

பதில்: இரண்டிலும் கொஞ்சம் இருக்கிறது, என் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். எக்ஸ்டென்ஷன்கள் எப்படி எழுதப்பட வேண்டும் என்ற விதிக்கு மேனிஃபெஸ்ட் என்று பெயர். இரண்டாம் பதிப்பில், பக்கம் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் எக்ஸ்டென்ஷன் வழிமறித்து, 'நீ விளம்பரம், திரும்பிப் போ' என்று அந்த நிமிஷமே தீர்ப்புச் சொல்லலாம். மூன்றாம் பதிப்பில் சாதாரண எக்ஸ்டென்ஷனுக்கு அந்த அதிகாரம் இல்லை. எதையெல்லாம் தடுக்க வேண்டும் என்று விதிப்பட்டியலை முன்கூட்டியே பிரவுசரிடம் கொடுத்துவிட வேண்டும், தடுப்பதைப் பிரவுசர் பார்த்துக்கொள்ளும், பட்டியலின் நீளத்துக்கும் வரம்பு உண்டு. 2024-இல் தொடங்கி, 2025-இல் பழைய வகையை குரோம் மூடிவிட்டது.

இதில் நல்ல பங்கும் இருக்கிறது. வெளியிலிருந்து கோடிங்கை இறக்கி ஓட்டும் தந்திரத்தைப் புது விதி தடுக்கிறது, மேலே சொன்ன மாதிரி ஆசாமிகளுக்கு அது இடைஞ்சல்தான். ஆனால் கோரிக்கைகளைத் தடுக்கத்தான் தடை, வேடிக்கை பார்க்கத் தடை இல்லை! உளவு பார்க்க நினைப்பவனுக்குப் பார்த்தாலே போதுமே. கை கட்டப்பட்டது தடுப்பானுக்குத்தான். அதைச் செய்தது விளம்பரத்தில் வாழும் நிறுவனம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தராசு சாய்ந்துவிடுகிறது. குரோமை விட மனமில்லை என்றால் அதே ஆசிரியரின் யுபிளாக் ஒரிஜின் லைட் இருக்கிறது, அன்றாடத்துக்குத் தேறும். முழுசாக வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸ், அதில் பழைய முறை இன்னும் ஓடுகிறது. ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும்.

கேள்வி: தினமும் குக்கீயை அழிக்கிறேன், தனியுரிமைக்கு என்றே ஒன்பது எக்ஸ்டென்ஷன் போட்டிருக்கிறேன். அப்படியும் விளம்பரம் துரத்துகிறது.

பதில்: முதலில், அழித்துவிட்டுத் திரும்ப அதே கணக்கில் உள்ளே நுழைகிறீர்களா? அப்படியானால் முகத்தைக் கழுவிவிட்டு வாசலில் பெயரைச் சொல்லிவிட்டு வருகிற கதைதான்.

இரண்டாவது, குக்கீ இல்லாமலேயே அடையாளம் காணலாம். திரையின் அளவு, நேர மண்டலம், நிறுவியிருக்கும் எழுத்துருக்கள், கிராஃபிக்ஸ் கார்டு ஒரு படத்தை வரையும் விதம், இப்படிச் சின்னச் சின்ன விவரங்களைச் சேர்த்தால் கைரேகை மாதிரி ஒன்று கிடைக்கும். எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2010-இலேயே சுமார் 4.7 லட்சம் பிரவுசர்களை வைத்து இதைச் சோதித்தது. அதில் 83.6 சதவீதம் தனித்துத் தெரிந்தன, அதாவது அந்தக் கூட்டத்தில் அதே ரேகையோடு வேறு ஒன்று இல்லை.

இப்போது உங்கள் ஒன்பதுக்கு வருகிறேன். பக்கத்தை மாற்றுகிற எக்ஸ்டென்ஷன் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு தடயம் விடும், அந்த ஒன்பதும் ஒன்றாக உள்ள பிரவுசர் உலகத்தில் எத்தனை இருக்கும்? கூட்டத்தில் மறைய நினைத்து, ஜிகினா சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறீர்கள். 'என்னைப் பின்தொடராதே' என்று தளங்களிடம் சொல்லும் டு நாட் டிராக்குக்கும் இதே கதி. பெரும்பாலும் யாரும் மதிக்கவில்லை, அதை ஆன் செய்தவர் என்பதே கூடுதல் அடையாளம் ஆயிற்று. ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் 2019-இல் அதை எடுத்துவிட்டது, ஃபயர்ஃபாக்ஸ் 2025-இல். ஒரு நல்ல தடுப்பானை வைத்துக்கொண்டு எட்டை எடுத்துவிடுங்கள். நீங்கள் திறந்த தளம் அல்லாத மற்றவர்கள் போடும் மூன்றாம் தரப்புக் குக்கீகளை சஃபாரி தானாகவே தடுக்கிறது, ஃபயர்ஃபாக்ஸ் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி டப்பாவில் அடைக்கிறது. இந்தக் குக்கீகளை எடுக்கிறேன், எடுக்கிறேன் என்று 2020-இலிருந்து சொல்லிவந்த குரோம், கடைசியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது.

கேள்வி: இலவச விபிஎன் போடலாமா?

பதில்: விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை இன்னொருவரின் சர்வர் வழியாகத் திருப்பி விடுவது. அதனால் இணைய இணைப்பு தருகிறவருக்குத் தெரிந்துகொண்டிருந்தது இனி விபிஎன்காரருக்குத் தெரியும். அவரை நம்புகிறீர்களா, இலவசமாகத் தருகிறவர் எதில் சம்பாதிக்கிறார், இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் போடுங்கள்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் பிரவுசரில் எத்தனை எக்ஸ்டென்ஷன்?

பதில்: இரண்டு. ஒன்று விளம்பரத் தடுப்பான், இன்னொன்று பாஸ்வேர்டு மேனேஜர். இந்தப் பதில்களை எழுத உட்கார்ந்தபோது மூன்று இருந்தது. மூன்றாவதை எதற்குப் போட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.