நீல உடைச் சிறுமி ஏன் சிரிக்கவில்லை? (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: ஐயா, ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் நன்றாக வரைவாள். அம்ரிதா ஷெர்கில் வரைந்த 'நீல உடைச் சிறுமி' படத்தை போனில் பார்த்துவிட்டு, "இந்தப் பாப்பா சிரிக்கவே இல்லையே, இதுக்கா 18 கோடி?" என்கிறாள். கிழக்கும் மேற்கும் கலந்த ஓவியம் என்று கீழே எழுதியிருந்தது. அந்தக் கலப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கும் புரியவில்லை.
– தறி வைத்திருக்கும் வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: விலையை முதலில் முடித்துவிடுவோம். 2018-இல் மும்பை ஏலத்தில் அந்தப் படம் 18.69 கோடி ரூபாய்க்குப் போனது. அம்ரிதா 28 வயதிலேயே இறந்துவிட்டார். அவர் படங்களில் பெரும்பகுதி டெல்லி தேசிய நவீன கலைக்கூடத்தில் இருக்கிறது. 1976 முதல் அவை தேசியக் கலைச்செல்வம். நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. விற்பனைக்கு ஒன்று வருவதே அபூர்வம் என்பதால் அந்த விலை.

சிரிப்புக்கு வருகிறேன். உங்கள் மகள் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாள். நம் ஊர் ஸ்டுடியோவில் குழந்தையை நிற்க வைத்து, கிலுகிலுப்பை ஆட்டி, "சிரி கண்ணு" என்று சொல்லி ஒரு நொடியைப் பிடிக்கிறோம். ஓவியத்துக்கு அப்படி உட்கார முடியாது. நெடுநேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் முகத்திலிருந்து பிறருக்காகப் போட்டுக்கொண்டதெல்லாம் இறங்கிவிடும். அந்த முகத்தைத்தான் அம்ரிதா வரைந்தார். அவள் அவருடைய உறவுக்காரச் சிறுமி, எட்டு வயது. கொஞ்சுவதற்கான பொம்மையாக இல்லாமல், தனக்கென்று ஒரு மனசு உள்ள ஆளாக அவளைப் பார்த்திருக்கிறார். எனக்கு அந்தப் படத்தில் மிகவும் பிடித்தது இந்த மரியாதைதான்.

இனி கலப்பு. அம்ரிதா 1913-இல் புடாபெஸ்டில் பிறந்தவர். அம்மா ஹங்கேரிக்காரர், அப்பா பஞ்சாபி சீக்கியர். பாரிசில் ஓவியம் படித்து 1934 கடைசியில் இந்தியா திரும்பினார். சிறுமியை வரைந்ததும் அந்த ஆண்டுதான். ஆளை எதிரே உட்கார வைத்து வரைவது, எண்ணெய் வண்ணம், ஒளியும் நிழலும் வைத்து உடம்புக்குக் கனம் கொடுப்பது எல்லாம் பாரிஸ் பாடம். அழகுபடுத்தாமல் வரையும் துணிச்சலை செசான், கோகான் என்ற பிரெஞ்சு ஓவியர்களின் படங்களிலிருந்து எடுத்துக்கொண்டார்.

இந்தியக் குழந்தையை வரைந்துவிட்டால் மட்டும் படம் கிழக்கு ஆகிவிடாது. ரவிவர்மாவின் லட்சுமியும் சேலைதான் கட்டியிருக்கிறாள், ஆனால் வரைந்த முறை முழுக்க ஐரோப்பியம். உங்கள் வீட்டுத் தறியையே பாருங்கள். நீளவாக்கில் ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை ஒரு நிறம் போட்டால் மயில்கழுத்து நிறம் வருகிறது. எந்த இடத்தில் நீலம் முடிந்து பச்சை தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியுமா? அம்ரிதா தேடியது அப்படி ஒரு கலப்பை.

1934-இல் அது முழுதாகக் கைவரவில்லை என்பது என் கருத்து. நீல உடைச் சிறுமியில் பாரிஸ் இன்னும் தூக்கலாக இருக்கிறது. அடுத்த ஆண்டு வரைந்த 'மூன்று பெண்கள்' படத்தைப் பக்கத்தில் வையுங்கள்: பின்னணி வெறுமையாகிவிட்டது, துணியின் சிவப்பும் பச்சையும் பெரிய பரப்புகளாக நிற்கின்றன, பெண்களின் கண்கள் தாழ்ந்திருக்கின்றன. அப்புறம் அஜந்தா, எல்லோரா, கொச்சியின் மட்டாஞ்சேரிச் சுவரோவியங்கள், கன்னியாகுமரி என்று சுற்றிவிட்டு 1937-இல் 'மணப்பெண் அலங்காரம்', 'பிரம்மசாரிகள்' வரைந்தார். அங்கே பாவும் ஊடையும் பிரித்தெடுக்க முடியாது. இந்த வரிசையிலேயே மகளுக்குக் காட்டுங்கள், அவளே கண்டுபிடிப்பாள்.

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளை நீர்வண்ணத்தில் வரைகிறேன். முகத்தில் நிழல் போட்டாலே கரி பூசியதுபோல் ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– ஆசிரியர், ஏற்காடு

பதில்: கறுப்பு டியூப்பை டப்பாவிலிருந்து எடுத்து வைத்துவிடுங்கள். நான் ஓவிய ஆசிரியராக இருந்தபோது வகுப்பில் முதலில் சொல்வதும் இதுதான். நம் பிள்ளைகளின் தோலுக்கு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணம் நல்ல அடித்தளம். நிழல் வேண்டிய இடத்தில் அதிலேயே கொஞ்சம் அல்ட்ராமரின் நீலம் கலந்தால் போதும், நிழலும் உயிரோடு இருக்கும். மலையில் இருப்பது உங்களுக்குப் பெரிய வசதி. கீழே சேலத்து வெயிலில் மூக்குக்கும் கண்ணுக்கும் கீழே நிழல் கத்தியால் வெட்டியதுபோல் விழும். பனிமூட்டம் இறங்கிய காலையில் ஏற்காட்டில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாக வரும், நிழலே மெலிந்துவிடும். அந்த நேரத்தில் பிள்ளையை ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, முகத்தை இரண்டு மூன்று பெரிய நிறப் பரப்புகளாக மட்டும் பிரித்து வரையுங்கள். ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. அந்த ஈரக் காற்றில் காய நேரம் பிடிக்கும், அவசரப்பட்டால் நிறம் சேறாகிவிடும். சிரிக்கச் சொல்ல வேண்டாம்.