மார்ச் மாத நெருக்கடியில் நிதி திரட்டும் குழுவுக்கு மற்ற பிரிவினர் எப்படி உதவலாம்?

ஒரு டிரஸ்ட்டின் நிர்வாகப் பிரிவில் இருக்கிறீர்கள், மார்ச் வந்தாலே நிதி திரட்டும் குழு திணறுகிறது, நாம் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சென்னையில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் கணக்கு பார்ப்பவன். பதிலிலும் கணக்குப்பிள்ளை வாடை கொஞ்சம் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்ச்சில் அவர்களைப் பிழிந்தெடுப்பது பணம் கேட்கிற வேலை இல்லை. பணம் வந்து சேர்ந்த பிறகு தொடங்குகிற வேலை. ராத்திரி பதினொரு மணிக்கு யாரோ ஒருவர் யுபிஐயில் 5,000 ரூபாய் போட்டுவிட்டு, ஸ்கிரீன்ஷாட்டை நிதி திரட்டும் குழுவில் இருக்கும் ஒரு பெண்ணின் சொந்த வாட்ஸ்அப்புக்கு அனுப்புவார். காலை ஒன்பது மணிக்குள் "ரசீது வரலையே மேடம்" என்று அடுத்த செய்தி. வங்கிக் கணக்கில் பார்த்தால் 'முருகன் எஸ்' என்று மட்டும் இருக்கும். எந்த முருகன்? முகவரி இல்லை, பான் எண் இல்லை. 2021-22 நிதியாண்டிலிருந்து நன்கொடையாளர் விவரங்களை வருமான வரித்துறைக்குப் படிவம் 10பிடியில் மே 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். அதைச் செய்தால்தான் அவருக்கு 10பிஇ என்கிற நன்கொடைச் சான்றிதழ் கிடைக்கும், அது இருந்தால்தான் வரிச்சலுகை கேட்க முடியும். ஆக, அந்த முருகனைத் தேடிப் பிடித்தே ஆக வேண்டும்.

இந்த வேலையை அப்படியே அவர்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். இதைவிடப் பெரிய உதவி எனக்குத் தெரிந்து இல்லை. மார்ச் மாதத்துக்கு மட்டும் ரசீதுக்கென்று தனி வாட்ஸ்அப் எண், அதைப் பார்க்க நிர்வாகத்திலிருந்து ஓர் ஆள். பணம் போட்டவரிடம் பெயர், முகவரி, பான் மூன்றையும் அன்றைக்கே கேட்டு எக்செலில் ஏற்றிவிட வேண்டும். மே மாதம் கேட்டால் பாதிப் பேர் போனையே எடுக்க மாட்டார்கள்.

அடுத்தது, திரும்பத் திரும்ப வரும் கேள்விகள். ஆடிட்டரோடு உட்கார்ந்து பிப்ரவரியிலேயே ஒரு பக்கத்துக்குப் பதில்கள் தயார் செய்து கொடுங்கள். "80ஜியில் பாதி திரும்பக் கிடைக்கும்தானே?" என்று பலர் கேட்பார்கள் (80ஜி என்பது நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் வருமான வரிப் பிரிவு). கொடுத்ததில் பாதிக்கு மட்டும் கழிவு உள்ள 50 சதவீத வகையில் 10,000 கொடுத்தால், உச்சவரம்புக்கு உட்பட்டு, 5,000 வருமானத்திலிருந்துதான் கழியும், வரியிலிருந்து இல்லை. 30 சதவீத வரி கட்டுபவருக்கு மிச்சம், செஸ் சேர்த்து, சுமார் 1,560 ரூபாய். புதிய வரிமுறையில் இருப்பவருக்கு அதுவும் கிடையாது. இதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொண்டுவந்து நீட்டுபவருக்கும் சலுகை இல்லை, வங்கி வழியாகப் போடச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறேன் என்பவரிடம் முதலில் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று கேட்க வேண்டும். இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. குடியுரிமை மாறியவர் என்றால் டிரஸ்ட்டுக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு வேண்டும், பணம் ஸ்டேட் வங்கியின் புது டெல்லி பிரதான கிளையில் உள்ள அதற்கான கணக்கில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். மார்ச் 30 அன்று இதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அவரே அப்போது போனை எடுக்க மாட்டார்.

களப்பணியாளர்கள் பங்கும் இருக்கிறது. சிஎஸ்ஆர் பணம், அதாவது சமூகப் பொறுப்பு நிதி, தந்த கம்பெனிகள் மார்ச் கடைசியில்தான் பணம் செலவானதற்கான பயன்பாட்டுச் சான்றிதழும் படங்களும் கேட்கும், அதுவும் "இன்றைக்கே வேண்டும்" என்று. படம், பில், படத்தில் இருக்கும் குழந்தைகளின் பெற்றோர் ஒப்புதல் கடிதம் எல்லாம் பிப்ரவரி கடைசிக்குள் ஒரே ஃபோல்டரில் இருந்தால் பாதிச் சண்டை குறையும்.

அப்புறம் அறங்காவலர்கள். "எவ்வளவு வந்திருக்கு?" என்று மணிக்கொரு தரம் கேட்பவர் ஒருவர் எல்லா டிரஸ்ட்டிலும் உண்டு. அவருக்குச் சாயங்காலம் ஒரே ஒரு தொகையை நீங்களே அனுப்பிவிடுங்கள், குழுவின் பக்கம் விடாதீர்கள். பாதி மாதத்தில் இலக்கை உயர்த்துவதையும் எப்படியாவது தடுத்துவிடுங்கள். பிரியாணி வாங்கிக் கொடுப்பது நல்ல மனசுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பிரியாணி சாப்பிட்டுவிட்டு மறுபடியும் முருகனைத் தேட உட்கார வேண்டியிருந்தால் என்ன பிரயோஜனம்?

நிதி திரட்டும் குழுவினரின் விடுமுறையை இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். ஏப்ரல் முதல் இரண்டு வாரங்களில் முறை வைத்துப் போகட்டும். 10பிடி வேலையைக் கணக்குப் பிரிவு பார்த்துக்கொள்ளும், அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம்.