யோசுவா 1:3-ஐ வைத்து மனை வாங்கலாமா?

சகோதரரே, மனையைச் சுற்றி நடந்து "காலடி மிதிக்கும் இடமெல்லாம்" என்று யோசுவா 1:3-ஐ அறிக்கையிட்டால் அது உங்களுடையதாகும் என ஜெபக் குழுவில் சொன்னார்களா? அடுத்த வசனத்தையும் வாசித்திருக்கலாம்; தேவன் இஸ்ரவேலருக்குக் கொடுத்த தேசத்துக்கு லீபனோன், ஐபிராத்து (யூப்ரடீஸ்) நதி என்று எல்லை குறித்திருக்கிறது. உங்கள் மனை அதற்குள் இல்லை!

அந்தத் தேசத்தைப் பற்றி வாக்குத்தத்தம் பெற்ற ஆபிரகாமுக்கே ஓர் அடி நிலமும் சுதந்தரமாக (உரிமைச் சொத்தாக) கிடைக்கவில்லை என்கிறார் ஆதிச் சபை ஊழியரான ஸ்தேவான் (அப்போஸ்தலர் 7:5). மனைவி சாராளை அடக்கம்பண்ண மக்பேலா என்ற குகை நிலத்தை ஆபிரகாம் 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்துத்தான் வாங்கினார். அவர் விரும்பியது பரம தேசம் என்கிறது எபிரெயர் 11. ரோமர் 4:13 அந்த வாக்கை உலகம் முழுவதற்கும் விரிக்கிறது. நமக்குரிய சுதந்தரம் அதுதான். அந்த நில வாக்கு இன்றைய இஸ்ரேலுக்கும் பொருந்துமா என்பதில் சபைகள் பிரிந்தே நிற்கின்றன. அது வேறு விவாதம்.

வீட்டுக்காக ஜெபியுங்கள், தவறில்லை. கடன் தவணையைக் கட்ட முடியுமா என்று கணக்குப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.