கணிதத்தை விட்டுவிடலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். அறிவியலில் 91, கணிதத்தில் 68. செவிலியர் ஆக வேண்டும் என்கிறாள். "கணக்கு வராத பெண்ணுக்குக் கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ் குரூப் போதும்" என்கிறார் என் அண்ணன். கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப்பில் சேர்க்கச் சொல்கிறார் வகுப்பாசிரியை. யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு தாய், தென்காசி மாவட்டம்

பதில்: வகுப்பாசிரியை சொல்வதைக் கேளுங்கள். செவிலியர் படிப்போ, வேளாண்மையோ, கால்நடை மருத்துவமோ, நீட் தேர்வோ எதுவாயினும் இரண்டு பிரிவு மாணவியருக்கும் வாய்ப்பு உண்டு. வேறுபாடு தெரிவது, பதினேழு வயதில் உங்கள் மகளின் ஆசை மாறினால்தான். பொறியியல் கலந்தாய்வுக்கான 200 மதிப்பெண்ணில் கணிதத்துக்கு மட்டும் 100. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பதுதான். கட்டடக்கலைக்கும், பெரும்பாலான கல்லூரிகளில் பி.எஸ்சி. இயற்பியலுக்கும், 2021இல் பெண்களுக்குத் திறந்துவிடப்பட்ட தேசியப் பாதுகாப்பு அகாடமியின் கடற்படை, விமானப்படைப் பிரிவுகளுக்கும் மேல்நிலையில் கணிதம் படித்திருக்க வேண்டும்.

கணிதத்தைத் தவிர்த்தால் சுமை குறையும் என்று உங்கள் அண்ணன் நினைப்பதும் முழு உண்மையன்று. பதினோராம் வகுப்பு இயற்பியல் நூலில் இயக்கவியல் பாடத்திலேயே வெக்டரும் வகைநுண்கணிதமும் வந்துவிடும். கணித வகுப்பில் அவற்றைக் கற்கும் மாணவி சற்றே ஆறுதலாகப் படிப்பாள், பியூர் சயின்ஸ் மாணவி இயற்பியல் ஆசிரியை கரும்பலகையில் எழுதுவதை மட்டும் நம்பியிருக்க வேண்டும். அதற்காகப் பியூர் சயின்ஸைக் குறைத்துச் சொல்லவில்லை. முதல் குரூப்பில் தாவரவியலும் விலங்கியலும் உயிரியல் என்ற ஒரே பாடத்துக்குள் பாதிப் பாதியாக இடம்பெற, அங்கே அவை தனித்தனிப் பாடங்களாக விரிவாக நடத்தப்படுகின்றன. செடியையும் பூச்சியையும் உண்மையாகவே நேசிக்கும் பெண் அதைத் தேர்ந்தெடுக்கலாம். கணக்குக்குப் பயந்து ஒளியும் இடமாக அதை ஆக்க வேண்டாம். (68 எடுத்த பையனிடம் "இன்னும் கொஞ்சம் உழை" என்பவர்கள், அதே 68 எடுத்த பெண்ணைக் "கணக்கு வராதவள்" என்று முடித்துவிடுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.)

ஆயினும் சேர்ப்பதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். மேல்நிலை வகுப்புகளுக்கு முதுகலைக் கணித ஆசிரியர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று தலைமை ஆசிரியையிடம் கேளுங்கள். அது காலியாக இருந்தால் அருகிலுள்ள வேறு பள்ளியையும் விசாரியுங்கள். பதினோராம் வகுப்புக் கணித நூலை வாங்கி, முக்கோணவியல் பாடத்தைத் தொடக்கத்திலிருந்து ஒரு வாரம் மகளே போட்டுப் பார்க்கட்டும். அவளுக்கு முடிகிறதா என்பது அப்போது அவளுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: தமிழ்வழியில் அறிவியல் படித்தவர்கள் ஆராய்ச்சியில் உயர முடியுமா?
– ஒரு மாணவி, திண்டுக்கல்

பதில்: முடியும். 2022இல் சி.எஸ்.ஐ.ஆர். என்னும் மத்திய அரசின் அறிவியல், தொழிலக ஆய்வு அமைப்பின் முதல் பெண் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற ந. கலைச்செல்வி, அம்பாசமுத்திரத்தைச் சேர்ந்தவர். பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர். லித்தியம் அயனி மின்கல ஆய்வில் பெயர் பெற்றவர். கல்லூரியின் முதல் ஆண்டில் ஆங்கிலக் கலைச்சொற்கள் உங்களைத் திணறடிக்கும் என்பதால், இப்போதே இரு மொழிச் சொற்களையும் ஒரே குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்.

கேள்வி: வேதியியல் செய்முறை வகுப்பில் ஐந்து பேருக்கு ஒரு பியூரெட் (திரவத்தை அளந்து சொட்டவிடும் கண்ணாடிக் குழாய்). தோழி அதன் குழாயைத் திருகுகிறாள், நான் அளவை எழுதிக்கொள்வதோடு சரி. தேர்வுக்கு இது போதாதா?
– ஒரு மாணவி, கும்பகோணம்

பதில்: போதாது. நூறில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10; அந்த இருபதுக்கான தேர்வில் உங்கள் அருகில் தோழி நிற்க மாட்டாள். பெர்மாங்கனேட் கரைசலைக் கொண்டு செய்யும் செய்முறையை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். கூம்புக் குடுவையில் ஆக்சாலிக் அமிலத்தோடு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, கை பொறுக்காத அளவுக்குச் சூடாக்கி, பியூரெட்டிலிருந்து ஊதா நிறப் பெர்மாங்கனேட் கரைசலைச் சொட்டவிடும்போது, முதல் சில துளிகளின் நிறம் மறையத் தாமதமாகும், பிறகு சட்டென்று மறையும், கடைசியில் ஒரே ஒரு துளியில் வெளிர் இளஞ்சிவப்பு வந்து நிலைத்து நிற்கும். அடர் நிறக் கரைசல் என்பதால் பியூரெட்டில் கரைசல் மட்டத்தின் மேல் விளிம்பைத்தான் படிக்க வேண்டும். அந்தக் கடைசித் துளியைப் பிடிக்கும் பக்குவம் உங்கள் விரலுக்கே வர வேண்டும். அடுத்த வகுப்பில் ஆளுக்கு ஒரு முறை திருகுவது என்று ஐவரும் முறை வைத்துக்கொள்ளுங்கள். நேரம் போதாவிட்டால் மதிய இடைவேளையில் ஆய்வகத்தைத் திறந்து தருமாறு ஆசிரியையிடம் ஐவரும் சேர்ந்து கேளுங்கள்.