ஜாக் லண்டன்: வந்த கேள்விகளும் என் பதில்களும்

பல வருடங்களாக அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டனைத் திரும்பத் திரும்பப் படித்து வருகிறேன். கேட்டவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, இவருடைய ஒரு புத்தகம்கூடப் படித்ததில்லை. நாய்க் கதை எழுதியவர் என்று மட்டும் தெரியும். எதில் ஆரம்பிக்கலாம்?

நாவலில் ஆரம்பிக்க வேண்டாம் தம்பி. 'டு பில்ட் எ ஃபயர்' என்ற சிறுகதையை முதலில் படி, அரை மணி நேரம் போதும். கனடாவின் வடமேற்கு மூலையில் உள்ள யூகான் பனிக்காட்டில் ஒருவன் தனியாக நடக்கிறான், கூட ஒரு நாய். குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே 75 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் கிட்டத்தட்ட மைனஸ் 59. அவன் எச்சில் துப்பினால் அது தரையில் விழும் முன்பே காற்றில் உறைந்து வெடிக்கிறது. பனிக்கட்டி உடைந்து கால் நனைந்துவிட, உடனே தீ மூட்டியாக வேண்டும். மூட்டியும் விடுகிறான், ஆனால் பனி சுமந்து நிற்கும் ஒரு மரத்தின் அடியில். சுள்ளி ஒடிக்க ஒடிக்க மரம் கொஞ்சம் கொஞ்சமாக அதிர்கிறது, கடைசியில் மேல் கிளையிலிருந்து பனி சரிந்து தீ அணைந்துவிடுகிறது. அப்புறம் விரல்கள் மரத்துப்போய், எழுபது தீக்குச்சிகளை மொத்தமாக இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் இடுக்கிக் கொளுத்துகிறான். தன் சதை கருகும் வாசனை அவனுக்கு வருகிறது, வலி அதற்குப் பிறகுதான் உறைக்கிறது.

இதே கதையை 1902-ல் சிறுவர் பத்திரிகைக்கு ஒரு முறை எழுதியிருக்கிறார். அதில் அவனுக்குப் பெயர் உண்டு, பிழைத்தும் விடுகிறான். 1908-ல் திரும்ப எழுதியபோது பெயரையும் எடுத்துவிட்டார், உயிரையும் எடுத்துவிட்டார். நாயைக் கூடவே நடக்க விட்டதும் இந்த இரண்டாவது கதையில்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் எழுதக் கற்றுக்கொள்கிற யாருக்கும் பெரிய பாடம்.

சார், அவர் உண்மையிலேயே தங்கம் தேடிப் போனாரா? கிடைத்ததா?

போனார். 1897 ஜூலையில், 21 வயதில், அக்கா கணவரோடு. ஒரு வருடத்துக்கான சாப்பாட்டைக் கையோடு கொண்டு போக வேண்டும். அதனால் அத்தனை மூட்டைகளையும் யூகானுக்குப் போகும் மலைவழியான சில்கூட் கணவாயில் முதுகில் சுமந்து, வைத்துவிட்டு வந்து, மறுபடி சுமந்து ஏற்ற வேண்டும். குளிர்காலம் முழுக்க மரக்குடிசையில் கிடந்து, காய்கறி இல்லாமல் ஸ்கர்வி வந்து ஈறு வீங்கி, 1898-ல் திரும்பினார். சொல்லிக்கொள்ளும்படி தங்கம் இல்லை. அந்தக் குடிசைகளில் கிழவர்கள் சொன்ன கதைகள்தான் மிச்சம், அவற்றை வைத்துத்தான் பிறகு பிழைத்தார்.

'கால் ஆஃப் தி வைல்ட்' வேறொருவர் புத்தகத்திலிருந்து திருடியது என்கிறார்களே?

எகர்ட்டன் யங் என்ற பாதிரியார் பனியில் வண்டி இழுக்கும் தன் ஸ்லெட்ஜ் நாய்களைப் பற்றி எழுதிய நூலிலிருந்து விவரங்கள் எடுத்தது உண்மை, லண்டனே ஒத்துக்கொண்டார். ஆனால் அது தகவல் நூல். கலிபோர்னியாவில் நீதிபதி வீட்டில் சொகுசாக வளர்ந்த பக் என்ற நாய், தோட்டக்காரனின் உதவியாள் சூதாட்டக் கடனுக்காக விற்றதால் வடக்கே போய், சிவப்பு ஸ்வெட்டர்காரனிடம் தடியடி வாங்கி உலகத்தைக் கற்றுக்கொள்கிறதே, அது எந்தத் தகவல் நூலிலும் கிடைக்காது. அடி வாங்கி வேலை பார்த்த ஒருவன்தான் அதை எழுத முடியும். 1903-ல் வந்த இந்த நாவலின் உரிமையை மாக்மில்லன் நிறுவனத்துக்கு 2,000 டாலருக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டார். லட்சக்கணக்கில் விற்றது, ராயல்டி கிடையாது.

அப்படி என்ன வேலை பார்த்தார்?

பதினான்கு வயதில் கலிபோர்னியாவின் ஓக்லாண்டில் டப்பாவில் உணவு அடைக்கும் தொழிற்சாலை, மணிக்கு 10 சென்ட். அப்புறம் சிப்பித் திருட்டு, சீல் வேட்டைக் கப்பல், சணல் ஆலை. ஒரு மின்நிலையத்தில் கரி அள்ளினார், மாதம் 30 டாலர். தலா 40 டாலர் வாங்கிய இரண்டு ஆட்களை நீக்கிவிட்டு இருவர் வேலையையும் தன் ஒருவன் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. ஊர் ஊராக ரயிலேறித் திரிந்தபோது, 1894-ல், நாடோடி என்று 30 நாள் சிறையில் போட்டார்கள். இப்படியே போனால் உடம்பு தேய்ந்ததும் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்ற பயம்தான் அவரை எழுத உட்கார வைத்தது. தினம் ஆயிரம் வார்த்தை, புகழ் வந்த பிறகும் கிட்டத்தட்ட விடவில்லை. என்னைப் பொறுத்தவரை அவர் புத்தகங்களுக்கெல்லாம் வேர் இந்தப் பயம்தான். நாயைப் பற்றி எழுதினாலும் கூலிக்காரனைத்தான் எழுதுகிறார்.

அதை நேராகச் சொன்ன நாவல் 'மார்ட்டின் ஈடன்' (1909). எழுத்தாளனாகத் துடிக்கும் ஒரு கப்பல் தொழிலாளியின் கதை. வாடகை டைப்ரைட்டர், அடகுக் கடையில் ஓவர்கோட், திரும்பி வரும் கைப்பிரதிகள். சலவைக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து புத்தகத்தைத் திறந்தபடியே தூங்கிவிடுவான். வேலைக்குப் போய்க்கொண்டே ராத்திரியில் எழுதுகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். முடிவு கனமானது, மனது சரியில்லாத நேரத்தில் எடுக்காதீர்கள்.

சோஷலிஸ்ட் என்கிறார்கள், இனவெறியர் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும். ஓக்லாண்ட் மேயர் தேர்தலில் சோஷலிஸ்டாக இரண்டு முறை நின்று தோற்றார். 1902-ல் லண்டன் நகரத்தின் ஈஸ்ட் எண்டில் கிழிந்த சட்டையோடு ஏழைகளுடன் தங்கி 'தி பீப்பிள் ஆஃப் தி அபிஸ்' எழுதினார். அதே மனிதர், 1908-ல் கறுப்பின வீரர் ஜாக் ஜான்சன் குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வென்றபோது, ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர் ஜெஃப்ரிஸ் திரும்பி வந்து அவரைத் தோற்கடிக்க வேண்டும் என்று பத்திரிகையில் எழுதினார். எனக்கு இதில் தாங்க முடியாத விஷயம் என்னவென்றால், சின்ன வயதில் அவரை வளர்த்தது வர்ஜீனியா ப்ரென்டிஸ் என்ற, அடிமையாகப் பிறந்த கறுப்பினப் பெண்மணி. முதல் படகு வாங்கப் பணம் கொடுத்ததும் அவர்தான். அதற்குப் பிறகும் அப்படி எழுதியதை அந்தக் காலம் அப்படி என்று சொல்லி என்னால் கடந்துபோக முடியவில்லை. படியுங்கள், இதையும் தெரிந்துகொண்டு படியுங்கள்.

தற்கொலை செய்துகொண்டார் என்று படித்தேன், ஐயா.

1916 நவம்பர் 22, 40 வயது. நீண்ட நாளாகச் சிறுநீரகம் கெட்டிருந்தது, வலிக்கு மார்ஃபின் என்ற மருந்தை எடுத்துக்கொண்டிருந்தார். இறப்புச் சான்றிதழும் சிறுநீரகக் கோளாறைத்தான் சொல்கிறது. 1938-ல் வந்த ஒரு வாழ்க்கை வரலாறு தற்கொலைக் கதையைப் பரப்பிவிட்டது, மார்ட்டின் ஈடனின் முடிவும் சேர்ந்துகொண்டது. இன்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்பதில்லை.

தமிழில் கிடைக்குமா?

'கால் ஆஃப் தி வைல்ட்' நாவலைப் பெ. தூரன் 'கானகத்தின் குரல்' என்று மொழிபெயர்த்திருக்கிறார், இணையத்திலேயே இலவசமாக இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், தடியடி வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் இருங்கள்.