ஃபோனைவிடத் தரமான, பாக்கெட்டில் அடங்கும் கேமரா எது? ஜூம் உள்ளதா, ஜூம் இல்லாததா?

ராணிப்பேட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கோயில் சிற்பம், பிள்ளைகள், ஊர்த் திருவிழா மூன்றையும் எடுக்க வேண்டும். ஃபோனைவிட நன்றாக வர வேண்டும். தோளில் தொங்கும் பெரிய கேமரா வேண்டாம். நான் வேலூரில் ஒரு அச்சகத்தில் படம் திருத்தும் வேலை பார்க்கிறேன். பன்னிரண்டு வருடமாக ஏதாவது ஒரு சின்னக் கேமரா என் பையில் இருந்துகொண்டே இருக்கிறது. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இரவுத் திருவிழாதான் உங்களுக்கு முக்கியம் என்றால் ஜூம் இல்லாத, பெரிய சென்சார் (லென்ஸ் வழியாக வரும் ஒளியைப் படமாக்கும் சில்லு) உள்ள கேமரா வாங்குங்கள். பிள்ளைகளும் பகல் நேர வெளியூர்ப் பயணமும்தான் முக்கியம் என்றால் ஒரு அங்குல சென்சாரும் மூன்று நான்கு மடங்கு ஜூமும் உள்ளது போதும். இரண்டுக்கும் ஒரே கேமரா, அதுவும் பாக்கெட்டில் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காரணம் இதுதான். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் எல்லார் வீட்டிலும் இருந்த சாதாரண டிஜிட்டல் கேமராவின் சென்சார் 6.2 × 4.6 மி.மீ. அளவுதான். ஒரு அங்குல சென்சார் என்பது 13.2 × 8.8 மி.மீ., பரப்பில் அதைப்போல் நான்கு மடங்கு. (அங்குலம் என்பது பெயரில் மட்டும்தான். பழைய வீடியோ கேமராக் குழாயின் அளவை வைத்து வந்த பெயர் அது. மூலைக்கு மூலை அளந்தால் 16 மி.மீ.தான் வரும்.) ஏபிஎஸ்-சி எனப்படும் சென்சார் 23.5 × 15.6 மி.மீ., அது ஒரு அங்குலத்தைப்போல் மூன்று மடங்கு. பரப்பு கூடக்கூட வெளிச்சம் அதிகம் விழும், இருட்டில் படம் சுத்தமாக வரும். ஆனால் சென்சார் பெரிதானால் அதை நிரப்ப லென்ஸும் பெரிதாக வேண்டும். ஜூமும் வேண்டுமென்றால் இன்னும் நீளும். அப்புறம் அது பாக்கெட்டில் போகாது.

பெரிய சென்சார், ஜூம், சின்ன உடம்பு மூன்றையும் சேர்க்க முயன்றவர்கள் உண்டு. 2017-ல் கேனான் ஜி1எக்ஸ் மார்க் 3 என்று ஒன்று வந்தது. ஏபிஎஸ்-சி சென்சார், 24-72 மி.மீ. ஜூம் (எண் சின்னதானால் அகலமான பார்வை, பெரிதானால் தூரத்தில் உள்ளது பக்கத்தில் வரும்), எடை 400 கிராமுக்குள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் லென்ஸைச் சின்னதாக்குவதற்காக, முழுதாக ஜூம் செய்யும்போது அபெர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப் 5.6 ஆகிவிடும்படி வைத்தார்கள். எஃப் எண் கூடினால் திறப்பு சிறுக்கும், வெளிச்சம் குறையும். அதே நிறுவனத்தின் ஒரு அங்குல கேமராவான ஜி7எக்ஸ் மார்க் 2-வில் ஜூம் கடைசி முனையில்கூட எஃப் 2.8 இருக்கும். 2.8-க்கும் 5.6-க்கும் வெளிச்சத்தில் நான்கு மடங்கு வித்தியாசம். சென்சாரில் கிடைத்த மூன்று மடங்கு லாபத்தை லென்ஸ் சாப்பிட்டுவிடுகிறது. அதனால்தான் கேமரா வாங்கும்போது மெகாபிக்சலைப் பார்க்காமல், சென்சார் அளவையும் ஜூமின் கடைசி முனையில் எஃப் எண் எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். லென்ஸைச் சுற்றி 1.8-4.9 என்பதுபோல் இரண்டு எண் எழுதியிருப்பார்கள். கடைக்காரர் முதல் எண்ணைத்தான் சொல்வார். நீங்கள் இரண்டாவதைப் படியுங்கள். 1.8-க்கும் 4.9-க்கும் நடுவே வெளிச்சம் ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

மெகாபிக்சல் பற்றி அச்சகத்துக்காரனாக ஒரு வார்த்தை. ஒரு ஏ4 தாளை முழுக்க நிரப்பி 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடிக்க 9 மெகாபிக்சல்கூட முழுதாகத் தேவையில்லை. நீங்கள் பார்க்கப்போகும் எந்தக் கேமராவிலும் 20-க்குக் குறையாது. அந்தக் கவலையை விட்டுவிடலாம்.

இனி இரவுத் திருவிழா. எனக்கு மனசுக்கு மிகவும் நெருக்கமானது இதுதான், அதனால் கொஞ்சம் நீளும்.

நம் வட ஆற்காட்டுப் பக்கம் வெயில் காலம் வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். இரவு பத்துக்கு மேல் ஆரம்பித்தால் விடிகிறவரை. பந்தலில் நான்கைந்து டியூப்லைட், ஒன்றிரண்டு ஃபோகஸ் லைட், அவ்வளவுதான் வெளிச்சம். வேஷக்காரர் தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம். எல்லாம் மரத்தில் செய்து கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டியது. திரையை விலக்கிக்கொண்டு அவர் சுழன்று வரும்போது ஒவ்வொரு சில்லிலும் டியூப்லைட் ஒரு கீற்றாக மின்னும். ஃபோனில் எடுத்துப் பாருங்கள். ஃபோன் இருட்டில் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. நிற்கிற பொருளுக்கு அது அருமையாக வேலை செய்யும். சுழல்கிற ஆளுக்குக் கை இரண்டாகத் தெரியும், இல்லையென்றால் கண்ணாடிச் சில்லெல்லாம் கரைந்து ஒரே பூச்சாகிவிடும். முகத்தில் பூசிய அரிதாரத்தின் கோடுகளையும் ஃபோன் இரைச்சல் (இருட்டுப் படத்தில் விழும் புள்ளிகள்) என்று நினைத்து வழித்துவிடும். எனக்கு அந்தக் கோடுகள் வேண்டும்.

இங்கேதான் ஏபிஎஸ்-சி சென்சார் உதவுகிறது. நான் இப்போது வைத்திருப்பது ரிக்கோ ஜிஆர் 3. 2019-ல் வந்தது, 257 கிராம், ஜூம் கிடையாது, 28 மி.மீ. பார்வை, எஃப் 2.8. கூத்தில் நான் பெரும்பாலும் வைக்கிற அளவு ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்ட வேண்டும் என்ற அளவு) 6400, ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/100 நொடி. எஃப் 4.9 வரை இறங்கும் ஒரு ஜூம் கேமராவின் கடைசி முனையில் இதே வெளிச்சத்துக்கு ஷட்டர் 1/30 பக்கம் போய்விடும். அந்த வேகத்தில் ஆடுகிற கால் நிற்காது. 1/100 என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப்லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் நொடிக்கு 100 முறை துடிக்கும். அந்தத் துடிப்போடு ஒத்துப்போகிற வேகம் வைத்தால் படத்தில் குறுக்கே பட்டைகள் விழுவது குறையும். சத்தம் வராமல் இருக்க எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டு எடுப்பவர்களுக்கு இந்தப் பட்டைத் தொல்லை அதிகம்.

இருட்டில் எந்தச் சின்னக் கேமராவின் ஆட்டோஃபோகஸும் தடுமாறும். ஜிஆர் வரிசையில் தூரத்தை முன்கூட்டியே 2.5 மீட்டர் என்று கட்டிவைத்துவிட்டு எடுக்கும் வசதி இருக்கிறது. 28 மி.மீ. லென்ஸில் எஃப் 2.8-ல்கூட சுமார் 1.8 மீட்டரிலிருந்து 4.2 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். கூத்துக் களத்தின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தால் வேஷக்காரர் அந்தத் தூரத்துக்குள்தான் வந்து போவார். படத்தை ராவாகவும் (கேமரா சுருக்கித் திருத்தாத மூலக் கோப்பு) எடுத்து வையுங்கள். எல்இடி ஃபோகஸ் விளக்கில் சிவப்பு வேஷம் வந்தால் வழக்கமான ஜேபெக் கோப்பில் சிவப்பு மொத்தமாக வெடித்து ஒரே திட்டாகிவிடும், பிறகு எந்தத் திருத்தத்திலும் மீளாது. இதைத் தினம் தினம் அச்சகத்தில் பார்க்கிறேன்.

ஃபிளாஷ் வேண்டாம். குடியாத்தம் பக்கம் ஒரு ஊரில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் ஃபிளாஷ் அடித்தபோது, ஆட்டத்தை நிறுத்தாமலே வாத்தியார் ஓரமாக வந்து, "தம்பி, அத்த அடிக்காத, கண்ணு கூசுது, அடவு தப்பிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதிருந்து ஃபிளாஷ் இல்லாத கேமரா என்பதை நான் ஒரு குறையாக எண்ணுவதில்லை.

கோயில் சிற்பம் வேறு விஷயம். வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் யாளியும் குதிரை வீரரும் எங்கேயும் ஓடப்போவதில்லை. மத்தியானத்தில் வெளியே கண் கூசும், உள்ளே தூணின் பின்பக்கம் இருட்டாக இருக்கும். தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாடுக்குத் தனி அனுமதி வேண்டும். இங்கே தேவைப்படுவது கை நடுக்கத்தைத் தாங்கும் ஸ்டெபிலைசேஷன். அது இருந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு 1/8 நொடியில்கூடக் கையில் எடுக்கலாம், ஐஎஸ்ஓ-வை 200-லேயே வைத்துக்கொள்ளலாம். அசையாத பொருளுக்கு மட்டும்தான் இது உதவும். கூத்துக்கோ, ஓடுகிற பிள்ளைக்கோ உதவாது. ஒரு அங்குல கேமராவே சிற்பத்துக்குத் தாராளம், தூண் உச்சியில் உள்ளதை இழுத்து எடுக்க ஜூமும் கைகொடுக்கும். (ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குப் போவதாக இருந்தால் கேமராவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், உள்ளே அனுமதி இல்லை.)

அடுத்தது வெயில். இதை எந்த விமர்சனத்திலும் நம் ஊர் அளவுக்கு அழுத்திச் சொல்வதில்லை. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயிலில் நின்று பின்பக்கத் திரையைப் பார்த்தால் உங்கள் முகம்தான் தெரியும். கண்ணில் வைத்துப் பார்க்கும் வ்யூ ஃபைண்டர் இருக்கிறதா என்று பாருங்கள். சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் 2014-ல் வந்த மூன்றாவது மாடலிலிருந்து மேலே எழும்பும் வ்யூ ஃபைண்டர் உண்டு. ஃபூஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசையில் மிக நல்லது இருக்கிறது. ஜிஆர் 3-லும் கேனான் ஜி7எக்ஸ் மார்க் 3-லும் கிடையாது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள் வெயிலில் நடக்கும். அங்கே அந்தக் கூட்டத்தில் பக்கத்தில் போகவும் முடியாது, திரையும் தெரியாது. அன்றைக்கு மட்டும் 24-200 ஜூமும் வ்யூ ஃபைண்டரும் உள்ள ஆர்எக்ஸ்100 மார்க் 7 போன்ற ஒன்று கையில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கே தோன்றும்.

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு கேமராவை இழந்திருக்கிறேன். கூத்தின் கடைசி நாள் காலையில் துரியோதனன் படுகளம். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் மல்லாந்து கிடக்க, பீமனும் துரியோதனனும் அதைச் சுற்றி ஓடுவார்கள், பின்னால் ஊரே ஓடும். புழுதி ஆள் உயரத்துக்கு எழும்பும். அப்போது என்னிடம் இருந்தது வேறொரு ஜூம் கேமரா. நீள்வதும் சுருங்குவதுமாக இருக்கும் லென்ஸ், பம்பு மாதிரி ஒவ்வொரு முறையும் காற்றை உள்ளே இழுக்கும், காற்றோடு புழுதியையும். இரண்டு வாரம் கழித்துப் பாலாற்று மணலையும் வானத்தையும் எடுத்தபோது வானத்தில் நான்கு சாம்பல் புள்ளிகள். லென்ஸ் கழற்ற முடியாத கேமராவில் சென்சாரை நாமே துடைக்க முடியாது. சர்வீஸுக்குக் கொடுத்தேன், திரும்பி வந்தபோது ஒரு ஓரம் மங்கலாகிவிட்டது. இப்போது புழுதியில் கேமராவை ஒரு ஜிப் பையில் வைத்துக்கொண்டு, எடுக்கும்போது மட்டும் வெளியே எடுக்கிறேன். ஜிஆருக்கும் தூசிக் காப்பு இல்லை, லென்ஸ் சுருங்குகிற வகைதான். எக்ஸ்100-இன் புதிய மாடல்களில் ஒரு வளையமும் ஃபில்டரும் மாட்டினால் காப்பு கிடைக்கும்.

எக்ஸ்100 என்றதும் ஆசை வரும். 2024-ல் வந்த ஆறாவது மாடல் 40 மெகாபிக்சல், எஃப் 2 லென்ஸ், ஸ்டெபிலைசேஷன், வ்யூ ஃபைண்டர் எல்லாம் சேர்ந்தது. ஆனால் 521 கிராம். சட்டைப் பையில் போகாது, தோள் பை வேண்டும். வெளிவந்தபோது அமெரிக்காவில் விலை 1,599 டாலர், ஜிஆர் 3 வந்தபோது 899 டாலர். நம் ஊர் விலை அடிக்கடி மாறுவதால் வாங்கும் வாரத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். இறக்குமதிச் சரக்கென்று குறைந்த விலைக்குக் கொடுத்தால் இந்திய வாரண்டி உண்டா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

நீங்கள் சொன்ன மூன்றில் பிள்ளைகளைத்தான் அதிகம் எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். ஃபோனில் 1எக்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு, விரலால் இழுக்காமல் எடுங்கள். பெரும்பாலான ஃபோன்களின் முதன்மைக் கேமரா 24-28 மி.மீ. பார்வைதான், ஜிஆர் காட்டுவதும் கிட்டத்தட்ட அதுவே. அந்த வாரத்தில் நாலு எட்டு முன்னால் போய் எடுப்பது உங்களுக்கு இயல்பாக வந்தால் ஜிஆர் வாங்குங்கள், 2025-ல் ஜிஆர் 4-ம் வந்துவிட்டது. நாளுக்குப் பத்து முறை விரல் ஜூமுக்குப் போகிறதென்றால் ஆர்எக்ஸ்100-இன் மூன்றாவது அல்லது ஐந்தாவது மாடலைப் பழையதாகத் தேடுங்கள். 24-70 ஜூம், கடைசி முனையிலும் எஃப் 2.8, பாக்கெட்டில் போகும், வ்யூ ஃபைண்டரும் உண்டு.

பழையது வாங்கப் போனால் கடையிலேயே எஃப் 11 வைத்து ஒரு வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், உள்ளே தூசி இருந்தால் அதில் தெரிந்துவிடும். லென்ஸைப் பத்து முறை நீட்டிச் சுருக்கும்போது காதைப் பக்கத்தில் வையுங்கள், நறநறவென்று மணல் சத்தம் வந்தால் வேண்டாம். கூடவே இரண்டு பேட்டரி அதிகம் வாங்குங்கள். ஜிஆர் 3-க்கு ஒரு சார்ஜில் சுமார் 200 படம்தான் கணக்கு, விடியும்வரை உட்காரும் கூத்துக்கு மூன்று இல்லாமல் நான் கிளம்புவதில்லை.