விண்வெளிக் காதல் நாவலில் இரண்டு கதைசொல்லிகளும் ஒரே ஆள்போலப் பேசுகிறார்கள். எப்படிப் பிரித்துக் காட்டுவது?

நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் மகன் செவ்வாயில். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் ஊரில். இருவரும் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். படித்த தோழிகளோ, அத்தியாயத்தின் தலையில் உள்ள பெயரை மறைத்துவிட்டால் யார் பேசுவதென்றே தெரியவில்லை என்கிறார்கள். இதுதானே உங்கள் சிக்கல்?

ஒருவருக்கு வட்டார வழக்கு, மற்றவருக்குப் புத்தகத் தமிழ் என்று பிரித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இருவரும் கொங்கு நாட்டுப் பிள்ளைகள்தான், அது ஒட்டாது. யார் எதைக் கவனிக்கிறார்கள் என்பதில் ஆளைக் காட்டுங்கள்.

அந்தப் பெண் செக்கிங் பிரிவில் இருப்பதாக முதல் அத்தியாயத்தில் எழுதிவிட்டு, அப்புறம் அதை மறந்தே போய்விட்டீர்கள். நாள் முழுக்கத் துணியை விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என்று தேடிப் பழகிய கண் அவளுடையது. அவன் அனுப்பும் வீடியோவையும் அப்படித்தான் பார்ப்பாள். சிரிப்புக்கு முன்னால் காலரில் பிரிந்து தொங்கும் நூல்தான் கண்ணில் படும். முகம் உப்பியிருப்பதும் தெரியும்; எடையற்ற நிலையில் உடலின் நீர் தலைப்பக்கம் ஏறிவிடும் என்பதால் பயணத்தின்போது முகம் வீங்கத்தான் செய்யும். கலத்துக்குள் கண்ணீரும் வழியாது, கண்ணோரத்தில் உருண்டு திரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். கன்னம் காய்ந்திருப்பதைப் பார்த்து அவன் அம்மா நிம்மதியாகிவிடலாம். இவள் ஏமாறமாட்டாள்.

அவனுக்கு மூக்கைக் கொடுங்கள். தீவன மூட்டையைப் பிரிக்கும்போதே பூஞ்சை பிடித்திருப்பதை முகர்ந்து சொல்லிவிடுகிற பையன் என்று வையுங்கள். கலத்தில் அந்த மூக்கு அடைத்துக்கொள்ளும். சாப்பாடு சப்பென்று ஆகிவிட்டதாக விண்வெளி வீரர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் பக்கம் பக்கமாக வர்ணித்திருக்கும் நட்சத்திரங்களைவிட இதில்தான் அவன் ஊர் ஏக்கம் தெரியும்.

இனி முக்கியமான விஷயம். உங்கள் கதையில் இருவரும் போனில் பேசுவதுபோல உடனுக்குடன் பேசிக்கொள்கிறார்கள். நிலவென்றால் பரவாயில்லை, ஒளி 1.3 விநாடியில் போய்விடும். செவ்வாய்க்கு அப்படி முடியாது. இரு கோள்களும் மிக நெருங்கும்போது சுமார் 3 நிமிடம், மிக விலகும்போது சுமார் 22 நிமிடம், அதுவும் ஒரு வழிக்கு மட்டும். இதை இடைஞ்சலாக நினைத்து ஒதுக்கியிருக்கிறீர்கள். இரண்டு கதைசொல்லிகள் எதற்கு என்பதற்கே இதுதான் நியாயம்.

தூரம் 20 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மாலை 7.00 மணிக்குக் கோபத்தில் அவள் ஒரு செய்தி அனுப்புகிறாள். அது அவனை 7.20க்குத்தான் எட்டும். ஒன்றும் தெரியாமல் அவன் 7.05க்கு அனுப்பிய ஒரு கேலி அவளுக்கு 7.25க்கு வந்து சேர்கிறது. அவன் பதில் 7.40க்கு முன்னால் வர வாய்ப்பே இல்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனால் கோபத்தில் யார் கணக்குப் பார்ப்பார்கள்? கேலியையே பதிலாக எடுத்துக்கொண்டு போனை அணைத்துவிடுகிறாள். அவன் அத்தியாயத்தையும் படித்த வாசகருக்கு மட்டுமே நடந்தது தெரியும். வில்லன் இல்லாமலேயே ஒரு பிரிவு. உங்கள் நாவலில் வரும் அந்தப் பணக்கார முறைமாமனை எடுத்துவிடலாம்.

சண்டை முடிந்த கையோடு சூரியனைக் குறுக்கே கொண்டுவாருங்கள். சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறை பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே சூரியன் வந்துவிடும். செய்தி சிதைந்துவிடும் என்பதால் இரண்டு வாரம்போல விண்கலங்களுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவைப்பார்கள். தூரமும் அப்போதுதான் மிக அதிகம் என்பதால் மேலே சொன்ன 20 நிமிடக் கணக்கும் பொருந்தும்.

அந்த இரண்டு வாரமும் காதலர் இருவரும் வாய் திறக்கக் கூடாது. கதையை அவனுடைய அப்புச்சியிடம் கொடுங்கள். அவரைப் பரமத்திவேலூர் பக்கம் சித்தம்பூண்டிக்காரராக்குங்கள். அந்த வட்டாரத்து அனார்த்தசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதைப் பொடித்து உருவாக்கிய மண்ணில்தான் இஸ்ரோ சந்திரயானின் லேண்டர், ரோவர் சோதனைகளை நடத்தியது. தன் ஊர்க் கல் லாரியேறிப் போனதைப் பார்த்த கிழவருக்கு நிலவென்ன, செவ்வாயென்ன? பேரன் நம்ம மண்ணில்தான் நடக்கிறான் என்று டீக்கடையில் அடித்துப் பேசுவார். திருத்தப் போனால் சண்டைக்கு வருவார். அவள் முதன்முதலாக அவரைப் பார்க்க பஸ் ஏறி வருவதும் இந்தப் பகுதியில் நடக்கட்டும்.

செவ்வாயின் ஒரு நாள் நம்முடையதைவிட ஏறக்குறைய 40 நிமிடம் நீளம். அவனுடைய விடியல் தினமும் அந்த அளவு தள்ளிப்போய், ஒரு மாதத்துக்குச் சற்று மேலானால் ஒரு சுற்று வந்துவிடும். அவள் நைட் ஷிப்ட் பார்க்கும் வாரங்களோடு இதைப் பொருத்திப் பாருங்கள், இருவரும் விழித்திருக்கும் நேரம் ஒத்துப்போவதற்கும் தவறிப்போவதற்கும் நீங்கள் தனியாகக் காரணம் தேட வேண்டியிருக்காது. பதினெட்டு வயதுப் பையனைச் செவ்வாய்க்கு அனுப்புவார்களா என்ற கேள்விக்கு ஒரு வரியில் ஏதாவது சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். இளையோர் நாவலில் அதை யாரும் நோண்டமாட்டார்கள்.

கலத்தின் கணினிக்கும் ஓர் அத்தியாயம் தரலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். தராதீர்கள். இரு பக்கச் செய்திகளும் அதன் வழியாகத்தான் போகின்றன. அது வாய் திறந்தால் 7.25க்கு வந்தது என்ன என்பதை முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிடும்.